தோல் சீவாத பேரிக்காய்

ஜூன் 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்க எழுதவில்லை. நீ நலமாக இருப்பது உன் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு இப்போது எழுதக் காரணம், இந்தக் கடிதத்தோடு வரும் காலி பாட்டில். கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறேன். உன் ஜூஸ் கடைப் பெயர் மூடியில் ஒட்டியிருக்கிறது, என்னுடையது இல்லை என்று நீ சொல்ல முடியாது.

இந்த வருடம் வகுப்புகளைக் கலைத்துப் போட்டதில் உன் மகளும் என் மகளும் ஒரே பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். பெரியவர்கள் சண்டையில் பிள்ளைகளை இழுக்கக் கூடாது என்று சும்மா இருந்தேன். ஆனால் போன வாரம் முழுக்கச் சிட்டு பள்ளியிலிருந்து மாற்றுப் பாவாடையோடு வந்தாள். ஏன் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. இன்று பையைத் தடவிப் பார்த்தபோது உன் பாட்டில் கிடைத்தது. முகர்ந்து பார்த்தேன். ஆரஞ்சு.

உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ கேட்கவில்லை. சிட்டுவின் சிறுநீர்ப்பை லேசில் சீண்டப்படுவது. மற்றவர்களுக்குப் பை நிறைந்தபின் வரும் அவசரம், இவளுக்குப் பாதி நிறைவதற்குள் வந்துவிடும். வந்தால் அடக்க முடியாது, எரியும். புளிப்பு, தக்காளி, காரம், சாக்லேட், நுரை பொங்கும் பானம், எது உள்ளே போனாலும் இன்னும் மோசம். உன் வீட்டுச் சோபாவில் நடந்ததற்குப் பிறகு டாக்டரிடம் கூட்டிப்போய்த் தெரிந்துகொண்டது இது. அவள் சோம்பேறியும் இல்லை, நான் பிள்ளை வளர்க்கத் தெரியாதவளும் இல்லை.

உன் மகளிடம் சொல்லி வை. இனிமேல் எதையும் பகிர்ந்துகொள்ள வேண்டாம்.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுதி உன் மகளின் சாப்பாட்டுப் பையில் போட்டு விடு. எழுத்தில் இருந்தால், யார் என்ன சொன்னோம் என்று பிறகு மாற்றிச் சொல்ல முடியாது.

அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடையில் ஒருவருக்குச் சாத்துக்குடி கேட்டதற்கு மாதுளை பிழிந்து கொடுத்துவிட்டேன். அவரும் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று போனார். இரண்டாவது வரி படிக்கும்போதுதான் நீ திட்டுகிறாய் என்று தெரிந்தது. பரவாயில்லை. திட்டாவது எழுதினாயே.

விசாரித்தேன். குற்றவாளி என் வீட்டு வாயாடிதான். அவளே ஒப்புக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபப்படாதே: "பாவம்ப்பா அவ. டப்பாவத் தெறந்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. எல்லாமே வெள்ளை. அதான் நான் என் ஜூஸக் குடுத்தேன். அவ ஒரே மூச்சுல குடிச்சிட்டா, தெரியுமா?"

பிள்ளை ஆசையாகக் கொடுத்திருக்கிறது, பிள்ளை ஆசையாகக் குடித்திருக்கிறது. நானும் விஷம் ஒன்றும் விற்கவில்லை அக்கா. சர்க்கரை போடாமல், தண்ணீர் கலக்காமல் பிழிகிற கடை இந்தத் தெருவில் என்னுடையது ஒன்றுதான். ஆனால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேண்டாம். நிறுத்தியாயிற்று.

சோபா விஷயத்தை நீ இன்னும் நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறாய். புது வீடு, வீடு நிறைய ஆட்கள், நான் ஏதோ பதற்றத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அதற்காகக் கையில் எடுத்த தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய், இரண்டு வருடம் எதிரில் வந்தால் தெரு மாறி நடக்க வேண்டுமா?

சரி, அதை விடு. சிட்டு என்னதான் சாப்பிடலாம்? அதைச் சொல். பழக்கடைக்காரன் நான். எனக்குத் தெரியாமல் ஒரு பழம் இருக்குமா?

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியா? நல்லது. அந்த ஆஸ்பத்திரியை நான் காலையில் எழுந்து கட்டுகிறேன். அவித்த உருளைக்கிழங்கு, எலும்பெடுத்த கோழி, அவித்த முட்டை, வெள்ளரி, வெறும் ரொட்டி, பேரிக்காய். வாழைப்பழம் சில நாள். மலச்சிக்கல் வந்தாலும் சிறுநீர்ப்பையை அழுத்துமாம், அதனால் பழுப்பு ரொட்டி. பார்க்க அழகாக இல்லைதான். நான் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கப் பிறர் கண்ணுக்கு அழகான பிரேம் தேடிக் கொடுக்கிறவள். என் பிள்ளையின் டப்பாவில் அழகைத் தேட எனக்குத் தெம்பு இல்லை. அவள் நனையாமல் வீடு வந்தால் போதும்.

"ஏதோ ஒரு வார்த்தை" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அது ஏதோ ஒன்று. எனக்கு என்ன வார்த்தை என்று தெரியும். இப்போது வேண்டாம்.

வகுப்பில் டீச்சர் ஒருவருக்குத்தான் அவளுடைய விஷயம் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது சிட்டுவின் விருப்பம். உன் வாயாடி காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி.

இன்னொன்றும் கேள்விப்பட்டிருப்பாய். அடுத்த மாதம் நான்காம் தேதி வகுப்பையே கலங்கரை விளக்கம் பார்க்கக் கூட்டிப் போகிறார்களாம். பஸ்ஸில் போக மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் நிறுத்த மாட்டார்களாம். சிட்டு வர மாட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டுகிறாள், சாப்பிடுகிறாள், படுத்துக்கொள்கிறாள். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவள் அப்பா கேட்கிறார்.

அக்கா


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அத்தான் நிஜமாகவே கேட்டாரா? அவருடைய பொறுமைக்குக் கோயில் கட்டலாம்.

அக்கா, அவளை அனுப்பு. வாயாடியின் கணக்கு நோட்டில் பின்பக்கம் முழுக்கச் சிட்டு வரைந்த கலங்கரை விளக்கங்கள்தான். ஒன்றுக்குக் கண் இருக்கிறது, ஒன்றுக்கு மீசை. ஒன்றின் உச்சியில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்திக்கு வாய் பெரிதாக இருக்கிறது, அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொருத்தி வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்புகிறாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு வியாபாரமே ஓடவில்லை.

ஒரு பஸ் பயணத்துக்காக ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைப்பதா? வழி இல்லாத காரியம் எது? நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன், சொன்னால் மூக்கை நுழைக்கிறேன் என்பாய். அடுத்த வாரம் நீயே பார்த்து ஆச்சரியப்படுவாய்.

தம்பி


ஜூன் 20

ஆச்சரியப்பட்டேன்.

நேற்று மதியம் டீச்சர் கூப்பிட்டு, சிட்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சுருண்டு கிடக்கிறாள் என்றார். கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். சிறுநீர் கழிக்கும்போது கத்துகிறாள். காய்ச்சல். டாக்டர் சோதித்துவிட்டுத் தொற்று என்றார். "இவ தண்ணி குடிக்கிறாளா இல்லையா?" என்று என்னைத்தான் கேட்டார். குடிக்கிறாள் என்றேன். பாட்டில் தினமும் காலியாகத்தானே வருகிறது!

வீட்டுக்கு வந்து மடியில் போட்டுக்கொண்டு கேட்டபின் சொன்னாள். "மாமா சொல்லி விட்டாங்கம்மா. தண்ணி குடிக்கலன்னா ஒண்ணுக்கே வராதாம். ஒரு வாரம் பழகிட்டா பஸ்ல போகலாமாம். உனக்குச் சொல்லாம ஆச்சரியப்படுத்தணும்னு சொன்னாங்களாம்."

பாட்டில் தண்ணீரை இரண்டு பேரும் சேர்ந்து பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றியிருக்கிறார்கள். செடிகள் நன்றாக இருக்கின்றனவாம்.

உன் மகளின் டப்பா ஒன்று எங்கள் பையில் வந்துவிட்டது. கழுவி, வெறும் டப்பாவாகத் திருப்பி அனுப்புகிறேன். இனிமேல் எழுதாதே.


ஜூன் 21

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உன் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விடுவேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி.

பூசி மெழுக ஒன்றும் இல்லை. கடையில் குழாய் ஒழுகினால் நான் மெயின் வால்வைத் திருகி மூடுவேன். அதே புத்தியைக் குழந்தையிடம் காட்டிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்தேதான் கேட்கவில்லை. அதுதான் எனக்கே தாங்கவில்லை.

வாயாடி சாப்பிட மாட்டேன் என்கிறாள். "நான்தானப்பா ஊத்துனேன்" என்று அழுகிறாள். ஊற்றச் சொன்னவன் நான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

சிட்டுவுக்குக் காய்ச்சல் இறங்கியதா என்று மட்டும் சொல்லி அனுப்பு. ஒரு துண்டுக் காகிதம் போதும்.

தம்பி


ஜூன் 22

இறங்கிவிட்டது. தண்ணீர் குடிக்கிறாள்.


ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தத் துண்டுக் காகிதத்தைக் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் என்ன என்று கேட்கிறார்கள். விளம்பரம் என்று சொல்கிறேன்.

சிட்டுவைப் பார்க்கும் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். உள்ளே போனதும் "என்ன தொந்தரவு?" என்றார். "தொந்தரவே நான்தான் டாக்டர்" என்றேன். பிள்ளையைப் பற்றி உன் அனுமதி இல்லாமல் ஒன்றும் சொல்ல மாட்டாராம். பொதுவாகக் கேட்டால் சொல்கிறேன் என்றார். பொதுவாகவே கேட்டேன். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிவிடும், அந்தக் கெட்டிச் சிறுநீர்தான் பையை இன்னும் சீண்டும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடிக்க வேண்டும், அவசரம் வரும்வரை காத்திராமல் இடைவேளைதோறும் போய்விட வேண்டும். அடக்கு என்று பிள்ளையை மிரட்டினால் பை இன்னும் முரண்டு பிடிக்கும். இதெல்லாம் உனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். எனக்குப் போன திங்கட்கிழமை தெரிந்தது.

அதற்கப்புறம் ஒரு காரியம் செய்தேன். நீ எழுதிய அந்த ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை நானே தினமும் கடையில் மதியம் சாப்பிடுகிறேன். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு என்னைப் பார்த்தது, நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன். மூன்றாம் நாள் பக்கத்துக் கடைக்காரர் ஊறுகாய் கொண்டுவந்தபோது நான் ஓடி உள்ளே ஒளிந்துகொண்டேன். சிட்டு இதை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறாள். சமைத்துக் கட்டுகிறவளுக்கும் எவ்வளவு அலுத்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

எனக்குச் சமைக்க வராது. வெட்ட வரும். இருபது வருடமாகப் பழம் வெட்டுகிற கை. அதனால் அதே சாமான்களை எடுத்து வெட்டிப் பார்த்தேன். உருளைக்கிழங்கை அவித்தபின் மெல்லிசாக நறுக்கி வெண்ணெயில் வாட்டினால் ஓரம் மொறுமொறுவென்று வருகிறது. வெள்ளரியைச் சுருள் சுருளாகச் சீவலாம். ரொட்டியை வட்டமாக வெட்டி, நடுவில் கோழியும் முட்டையும் மாற்றி மாற்றி அடுக்கினால் வெள்ளையும் மஞ்சளுமாகக் கோபுரம் நிற்கிறது. உச்சியில் ஒரு துண்டு பேரிக்காய். எந்தக் கட்டடம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இத்தோடு வரும் டப்பா சிட்டுவுக்கு இல்லை. உனக்கு. நீ தின்று பார். அவளுக்கு ஆகுமா ஆகாதா என்று நீதான் சொல்ல வேண்டும். ஆகாது என்றால் நான் தின்று தீர்க்கிறேன், எனக்குப் பழகிவிட்டது.

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

உன் டப்பாவைக் கடைக்குப் பின்னால், லென்ஸ் பெட்டிகள் அடுக்கும் அறையில் நின்றுகொண்டே தின்றேன். திறந்து பார்த்துவிட்டு மூடி வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் டப்பா காலி.

உப்பு கொஞ்சம் கம்மி. வெண்ணெய் ரொம்ப அதிகம். பேரிக்காயின் தோலை ஏன் சீவினாய்? உன் கடையில் அழகுக்குச் சீவுவாய். அவளுக்கு அந்தத் தோல்தான் வயிற்றுக்கு நல்லது. மற்றபடி எல்லாமே அவளுக்கு ஆகும்.

இன்று காலை ரொட்டியை அதேபோல் வட்டமாக வெட்டிக் கட்டிக் கொடுத்தேன். என் கோபுரம் சாய்ந்துவிட்டது. சிட்டு எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, காத்து அடிக்குதா?" என்றாள். இத்தனை நாளில் அவளாக என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அடுப்படியில் திரும்பி நின்று அழுதேன். உனக்கு நன்றி சொல்வதா, உன்னை அடிப்பதா என்று தெரியவில்லை.

அன்றைக்குச் சொன்ன அந்த வார்த்தையை இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் அது உனக்கு ஞாபகமே இல்லை என்று தெரிந்துவிட்டது. வீடு நிறைய ஆட்கள். சிட்டு உன் புதுச் சோபாவிலிருந்து எழுந்து நின்றாள். எல்லாரும் பார்த்தார்கள். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இவ்ளோ பெரிய பொண்ணு, இப்படியா? இனிமே இவள நிக்க வெச்சே பேசி அனுப்புங்க." நாலு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை போட்டீர்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

நீ சொன்னதை அவள் அப்படியே கேட்டுக்கொண்டாள் தம்பி. அன்றிலிருந்து பிறர் வீட்டில் அவள் உட்காருவதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரோரம் நிற்கிறாள். "உட்காரும்மா" என்றால், "கால் வலிக்கல" என்கிறாள். பிறந்தநாளுக்குப் போன இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிட, இவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். டாக்டரின் அறையில்கூட நிற்கிறாள். என்னால் எந்த டப்பாவிலும் இதற்கு ஒன்றும் கட்டிக் கொடுக்க முடியவில்லை.

பஸ்ஸுக்கு நான் பயப்படவில்லை. பஸ்ஸில் ஏதாவது நடந்து, இன்னொருவர் இன்னொரு வார்த்தை சொல்லி, அவள் பள்ளியிலும் நிற்க ஆரம்பித்துவிட்டால்? அதற்குத்தான் பயப்படுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் பெயரைத் திரும்பச் சேர்க்கலாம் என்கிறார் டீச்சர். நான் சேர்ப்பதாக இல்லை.

அக்கா


ஜூன் 29

அக்கா,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை படித்தேன். நேற்று முழுக்க எழுத முடியவில்லை. உன் தம்பி பெண்டாட்டியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு எழுந்து போய் அந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். பொத்தானைக் கழற்றலாம், கழற்றவில்லை. கிழித்தாள்.

சிரிக்க வைக்கிறோம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்தும் போய்விட்டேன். ஒரு பிள்ளை இரண்டு வருடமாக நின்றுகொண்டிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. இதற்கு மேல் அலங்காரமாக எழுதத் தெரியவில்லை.

ஆனால் பஸ் விஷயத்தில் நான் விடுவதாக இல்லை. இந்தத் தடவை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். முழுக்கப் படி.

இன்று காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கலங்கரை விளக்கம் வரை போனேன். சிட்டுவிடம் இருப்பது போன்ற தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே போனேன். எனக்கு எங்கே முட்டுகிறதோ, அதற்கு நல்ல முன்பே அவளுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது கணக்கு. மேம்பாலம் தாண்டியதும் செடி விற்கும் தோட்டம் ஒன்று இருக்கிறது. கழிப்பறை சுத்தம். தோட்டக்கார அம்மாள், "இவ்வளவு பெரிய ஆள் பாட்டில கழுத்துல மாட்டிக்கிட்டு வர்றீங்களே, நல்லாத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னதும் வகுப்பையே கூட்டி வரச் சொன்னார். அதற்கு அப்பால் எனக்கு மாம்பழம் அனுப்புகிறவரின் கிடங்கு. அங்கே இரண்டு கழிப்பறை. ஒன்றின் தாழ்ப்பாள் சரியில்லை, நானே மாற்றிவிட்டு வந்தேன்.

நீ சம்மதித்தால் டீச்சரிடமும் டிரைவரிடமும் பேசுகிறேன். இரண்டு இடத்திலும் எல்லாப் பிள்ளைகளும் இறங்கட்டும். செடி பார்க்க, கை கால் நீட்ட. சிட்டுவுக்காக என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

இன்னொன்று. அன்றைக்கு வகுப்பு முழுவதற்கும் மதியச் சாப்பாடு என் கடையிலிருந்து போகட்டும். எல்லா டப்பாவிலும் ஒரே சாப்பாடு. சிட்டு சாப்பிடுவதைத்தான் எல்லாரும் சாப்பிடுவார்கள். யாருடைய டப்பாவும் அன்று ஆஸ்பத்திரி இல்லை.

ஆனால் என்னை நம்பி இதை விடாதே. நான் தண்ணீரை நிறுத்தியவன். அன்று காலையில் நீ கடைக்கு வந்து என் பக்கத்தில் நில். எது போகலாம், எது கூடாது என்று நீ சொல், நான் வெட்டுகிறேன்.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

சிட்டுவிடம் கேட்டேன். கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று இந்த வீட்டிலும் முடிவாகியிருக்கிறது. "வாயாடிக்குத் தெரியலாம். மத்தவங்களுக்கு வேணாம்" என்றாள். பிறகு, "ஜன்னல் சீட் வேணும்" என்றாள். பெயரைச் சேர்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வருகிறேன். உப்பை நான்தான் போடுவேன். வெண்ணெய்ப் பக்கம் நீ போகக் கூடாது. ஒரு பேரிக்காயின் தோலையும் தொடாதே. மாற்று உடுப்பு இரண்டு செட் டீச்சரிடம் கொடுத்திருக்கிறேன், தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்துவது வாயாடியின் பொறுப்பு. அவளுக்கு ஏற்ற வேலை.

நாம் பேசிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெட்டலாம், அடுக்கலாம். பஸ் திரும்பும் நேரம் நான் கடையில் மாட்டிக்கொள்வேன், அத்தானுக்கும் வேலை. இரண்டு பேரையும் நீயே உன் வீட்டுக்குக் கூட்டிப் போய் வை. கடை முடிந்ததும் வந்து சிட்டுவை அழைத்துக்கொள்கிறேன்.

அவள் நிற்பாள். வற்புறுத்தாதே.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுக் காலை நாம் பேசிக்கொள்ள மாட்டோம் என்றுதான் ஏற்பாடு. நீ வந்து கத்தியைப் பார்த்ததுமே, "இது என்ன கத்தி, இதுல வெண்ணெய்கூட வெட்டாது" என்றாய். அதற்கப்புறம் கடைசி டப்பாவை மூடும் வரை நீ வாயை மூடவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மாலையில் நீ வந்ததும் கிளம்பிவிட்டதால் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன்.

பஸ்ஸில் ஒன்றும் நடக்கவில்லை. இல்லை, நடந்தது. திரும்பி வரும்போது கிடங்குக்குக் கொஞ்சம் முன்னால் லேசாக நனைந்துவிட்டதாம். டீச்சர் உடுப்பு மாற்றிக் கூட்டி வந்தார். எங்கே போனாய் என்று ஒரு பெண் கேட்டதற்கு, நம் வாயாடி, "பாவாடைய மாத்திட்டு வர்றா, நீ உன் வேலையப் பாரு" என்றாளாம். அந்தப் பெண்ணும் தன் வேலையைப் பார்த்தாளாம். முடிந்தது. கோபுர ரொட்டி எல்லாருக்கும் பிடித்துப்போய், சாய்ந்துவிடாமல் உச்சியிலிருந்து தின்பது யார் என்று போட்டி நடந்திருக்கிறது. சிட்டுதான் ஜெயித்தாள். அவளுக்குத்தான் பழக்கம் இருக்கிறதே.

வீட்டுக்கு வந்ததும் நீ சொன்னபடியே சுவரோரம் நின்றாள். சோபாவில் உட்கார எனக்கே மனம் வரவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் தம்பி பெண்டாட்டியும் வந்து கீழே உட்கார்ந்தாள். வாயாடியும் உட்கார்ந்தாள். சிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் மாமா எல்லாரும் கீழ உக்காந்திருக்கீங்க?"

"நீ நிக்கிறப்போ நாங்க எப்படிம்மா மேல உக்கார்றது? அன்னைக்கு உன்ன நிக்கச் சொன்னது மாமா செஞ்ச தப்பு."

அவள் என் மடங்காத காலைப் பார்த்தாள். பிறகு, "மாமாவுக்குக் கால் மடிக்க வரலபோல" என்று வாயாடியிடம் மெதுவாகச் சொன்னாள். உண்மைதான், எனக்குத் தொப்பை இடிக்கிறது. அப்புறம் போய்ச் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். நாங்கள் யாரும் அசையவில்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். கலங்கரை விளக்கத்தில் எத்தனை படி என்று சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அப்போதுதான் நீ வந்தாய். அவள் தூங்குவதைப் பார்த்தாய். கிட்டே போய்க் கையை வைத்தாய். அடுத்த நொடி இவ்வளவு பெரிய பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், "நேரமாச்சு" என்று போய்விட்டாய். காபி கொண்டுவந்த உன் தம்பி பெண்டாட்டி கோப்பையோடு வாசலில் நின்றாள். மறுபடியும் என்ன தப்பு செய்தோம் என்று நான் திகைத்துப்போனேன். திரும்பிச் சோபாவைப் பார்த்ததும் புரிந்தது.

இதை எழுத வேண்டாம், தெரியாத மாதிரி விட்டுவிடலாம் என்றாள் உன் தம்பி பெண்டாட்டி. எழுத்தில் இருந்தால் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது என்று நீதானே சொன்னாய்? அதனால் எழுதுகிறேன்.

சோபா நனைந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தோம். ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக் காற்றாடியைச் சுழல விட்டோம். வாயாடி அதற்குள் தன் வீட்டுப்பாடத்தை எடுத்துவந்து அதன் மறுமுனையில் உட்கார்ந்துகொண்டாள்.

காலையில் எழுந்து தொட்டுப் பார்த்தேன். காய்ந்துவிட்டது அக்கா. அவ்வளவுதான் வேலை.

நாளை ஞாயிற்றுக்கிழமை. அத்தானையும் சிட்டுவையும் கூட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வா. பேரிக்காய் வாங்கி வைத்திருக்கிறேன். தோலைத் தொடவில்லை.

தம்பி